சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டால் பிளாஸ்மாவில் உறைதல் காரணிகள் கெடாமல் இருக்குமா? பையிலேயே கொஞ்சம் கால்சியம் சேர்த்தால் என்ன?

உறையாமல் இருப்பது வேறு, கெடாமல் இருப்பது வேறு. தருமபுரியில் ரத்த வங்கி லேப்பில் வேலை செய்கிறேன். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் எங்கள் துறையிலேயே உண்டு.

350 மில்லி ரத்தம் எடுக்கும் பையில் 49 மில்லி சிட்ரேட் கரைசல் (ரத்தம் உறையாமல் தடுப்பது) முன்பே இருக்கும். கால்சியம் இல்லாவிட்டால் ஃபேக்டர் (உறைதல் காரணி) 2, 7, 9, 10 ஒட்டி வேலை செய்ய முடியாது, ரத்தம் உறையாது. அந்த நான்கும், உறைகட்டியின் இழையாக மாறும் புரதமான ஃபைப்ரினோஜனும் குளிரில் சில நாள் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

வம்பெல்லாம் ஃபேக்டர் 8-இடம்தான். அது கனமான சங்கிலி ஒன்று, லேசான சங்கிலி ஒன்று சேர்ந்த புரதம். இரண்டையும் இணைத்து வைப்பது உலோக அயனிகள், அதில் கால்சியத்துக்குப் பெரிய பங்கு. நுகத்தடியை உருவினால் மாடுகள் ஆளுக்கொரு பக்கம் போவதுபோல, கால்சியம் குறைந்தால் சங்கிலிகள் பிரியும். பிரிந்தால் வேலைக்கு ஆகாது. ஃபேக்டர் 5-க்கும் ஏறக்குறைய இதே குணம். ஆக, உறைவதைத் தடுக்கிற சிட்ரேட்டே 8-ஐ மெல்ல அரிக்கிறது. சிட்ரேட்டைப் பாதியாகக் குறைத்தால் 8 கூடுதல் நேரம் நிற்கும். ஹெப்பாரின் என்ற வேறொரு உறைதடுப்பு மருந்தில் எடுத்தால் இன்னும் நல்லது. அது கால்சியத்தைத் தொடாமல் ரத்தத்திலேயே இருக்கும் ஆன்டித்ராம்பின் என்ற உறைதடுப்புப் புரதம் வழியாக வேலை செய்கிறது. ஆனால் ரத்தம் கொட்டுகிற நோயாளிக்கு ஹெப்பாரின் கலந்த பிளாஸ்மாவை யார் ஏற்றுவார்கள்? சிட்ரேட் என்றால் கல்லீரலே கரைத்துவிடும்.

இதனால்தான் அவசரம். எடுத்த 8 மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்து உறைநிலைக்குக் கொண்டுபோய் மைனஸ் 30-இல் வைக்கிறோம். உருக்கிய பிறகு ஃப்ரிட்ஜில் இருந்தாலும் முதல் நாளிலேயே 8 கணிசமாக இறங்கும்.

ஊதா மூடி டியூபில் இருக்கும் இ.டி.டி.ஏ. என்ற ரசாயனம் கால்சியத்தை இன்னும் முரட்டுத்தனமாகப் பிடிக்கும். ஒரு தடவை சின்ன கிளினிக்கிலிருந்து ஏ.பி.டி.டி. (ரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் டெஸ்ட்) பார்க்க ஊதா மூடி டியூபில் சாம்பிள் வந்தது. கொண்டுவந்த பையன், "எல்லாம் ரத்தம்தானேண்ணா?" என்றான். அதில் பார்த்தால் 5, 8 இரண்டும் சரிந்து, நேரம் பொய்யாக நீளும். நல்லா இருக்கிறவருக்கும் ரத்தக்கசிவு நோய் என்று எழுத வேண்டியதுதான். சிட்ரேட் இருக்கும் நீல மூடி டியூபில், கோடு வரைக்கும் ரத்தம் எடுத்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பினோம். பாதி நிரப்பினாலும் சிட்ரேட் மிகுந்து இதே கோளாறுதான்.

சரி, பையில் கால்சியம் சேர்க்கும் யோசனைக்கு வருவோம். ஏ.பி.டி.டி. டெஸ்டில் நாங்கள் செய்வதே அதுதான்: பிளாஸ்மாவில் ரீஏஜென்டோடு கால்சியம் குளோரைடு விட்டால் அரை நிமிடம் போல ஆனதும் உறைந்துவிடும். பையில் விட்டாலும் உறையத்தான் செய்யும், மெதுவாக. அதிக யூனிட் ஏற்றும்போது அதிலுள்ள சிட்ரேட்டால் நோயாளியின் உடம்பில் கால்சியம் குறைந்து உதடு மரத்துப்போகும். அப்போது டாக்டர் கால்சியம் குளுக்கோனேட் போடுவார். அதையும் ரத்தம் ஏறுகிற லைனில் விடக் கூடாது, வேறு நரம்பில்தான்.