கடலின் சிற்றுயிர்கள் கார்பனை எந்த ஆழத்தில் விடுகின்றன? கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. எல்லாமே விலங்கு மிதவைகளைப் பற்றியவை. நீரோட்டத்தை எதிர்த்துப் போக முடியாமல் அதன் போக்கிலேயே அடித்துச் செல்லப்படும் சிறு விலங்குகளைத்தான் அப்படிச் சொல்கிறோம். சூபிளாங்க்டன் என்பதும் இதுவே.

பாலக்கோடு, அறிவியல் ஆசிரியர்: கரியமில வாயுவை இழுப்பது தாவர மிதவைகள். விலங்கு மிதவை அதைத் தின்று மூச்சில் திரும்ப விட்டுவிடுகிறது. அப்புறம் கார்பன் சுழற்சியில் அதற்கு என்ன பங்கு?

ஐயா, நீங்கள் சொல்வதில் முக்கால்வாசி உண்மை. தின்றதில் பெரும்பகுதி மூச்சாகவே போகிறது. கடலில் மிதக்கும் நுண்பாசிகளான தாவர மிதவைகள் வருஷத்துக்குச் சுமார் 5,000 கோடி டன் கார்பனை உடம்பாக்குகின்றன. உலகின் மொத்த ஒளிச்சேர்க்கையில் இது ஏறக்குறைய பாதி. அதில் வெயில் படும் மேல்நீரை விட்டுக் கீழே இறங்குவது 500 முதல் 1,200 கோடி டன் வரைதான். மற்றதெல்லாம் மேலேயே தின்னப்பட்டு, செரித்து, மறுபடி வாயுவாகிவிடுகிறது.

ஆனால் எவ்வளவு தின்கிறது என்று மட்டும் பார்த்தால் பாதிக் கணக்குதான். எந்த ஆழத்தில் விடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 20 மீட்டரில் விட்ட வாயு சில நாளிலோ மாதத்திலோ காற்றுக்கு வந்துவிடும். சில நூறு மீட்டரில் விட்டால் மேலே வரப் பல பத்தாண்டுகள் ஆகும். 1,000 மீட்டருக்குக் கீழே போனது பல நூற்றாண்டு அங்கேயே கிடக்கும். அந்த ஆழத்துக்குக் கார்பனை இறக்கும் முக்கியமான கைகளில் ஒன்று விலங்கு மிதவை.

ஓசூர், கல்லூரி மாணவர்: இறந்த தாவர மிதவை தானாகவே கீழே விழாதா? நடுவில் விலங்கு எதற்கு?

விழும் தம்பி, ஆனால் வேகம் போதாது. தனியாக மிதக்கும் ஒரு நுண்ணிய செல் நாளுக்கு ஒரு மீட்டர் இறங்கினாலே அதிகம். 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் தரையைத் தொட 11 வருஷம் வேண்டும். அதற்குள் பாக்டீரியா அதைக் கரைத்து முடித்துவிடும்.

கோப்பிபாடு என்ற ஓட்டுயிரியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவை ஒரு ராகி மணி அளவுதான் இருக்கும். அது ஆயிரக்கணக்கான செல்களைத் தின்று, கழிவை நீளமான சிறு உருளையாக வெளியே தள்ளுகிறது. உருளையைச் சுற்றி மெல்லிய சவ்வு உறை ஒன்று உண்டு. அதனால் சீக்கிரம் கரையாது. அடர்த்தியாக இருப்பதால் நாளுக்கு 100 மீட்டர் வரைகூட இறங்கும், அதாவது நிமிஷத்துக்கு 7 சென்டிமீட்டர். அந்த வேகம் குறையாவிட்டால் 11 வருஷப் பயணம் 40 நாளில் முடிகிறது. இறால் போன்ற கிரில், ஜெல்லி போன்ற உடம்புள்ள சால்ப் முதலிய பெரியவற்றின் கழிவு இன்னும் வேகமாக, நாளுக்குச் சில நூறு மீட்டர் விழும்.

இறங்குவதெல்லாம் அடிக்குப் போய்ச் சேர்வதில்லை. வழியில் வேறு கோப்பிபாடுகள் அந்த உருளையையே தின்னும், உடைத்தும் போடும். 1987-இல் மார்ட்டின் என்ற கடல் ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் பசிபிக்கில் அளந்து ஒரு வாய்பாடு தந்தார்கள். 100 மீட்டரைக் கடப்பதை 100 பங்கு என்று வைத்தால் 1,000 மீட்டருக்குப் போய்ச் சேர்வது சுமார் 14 பங்கு. இடத்துக்கு இடம் இது மாறும். ஒரே வாய்பாட்டை எல்லாக் கடலுக்கும் போட்டுவிடாதீர்கள், பிராஜெக்ட் எழுதுகிறவர்கள் செய்கிற பொதுவான தப்பு அது.

காவேரிப்பட்டணம், மீன் குட்டை வைத்திருப்பவர்: கட்லா குஞ்சுக்குத் தீவனப் பூச்சி இருக்கிறதா என்று பகலில் மேல்தண்ணீரை அள்ளிப் பார்த்தால் ஒன்றிரண்டுதான் தெரிகிறது. ராத்திரி அள்ளினால் திரளாக வருகிறது. கடலிலும் இப்படியா?

அண்ணா, உங்கள் குட்டையில் நடப்பதுதான் கடலில் பெரிய அளவில் நடக்கிறது. கண்ணால் பார்த்துப் பிடிக்கும் மீனுக்குத் தப்பத்தான் பகலில் இருட்டான கீழ்த்தண்ணீருக்குப் போகின்றன. இருட்டியதும் மேய மேலே வருகின்றன. குட்டையில் இது ஐந்தாறு அடி. கடலில் 200 முதல் 600 மீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல். தினமும் நடக்கும் விலங்குப் பெயர்ச்சிகளில், மொத்த எடையை வைத்துப் பார்த்தால் உலகிலேயே பெரியது இதுதான்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒலியலை அனுப்பி ஆழம் பார்த்தவர்களுக்கு நடுக்கடலில் பொய்த்தரை ஒன்று தென்பட்டது. சாயங்காலம் மேலே ஏறியது, விடிந்ததும் இறங்கியது. தரை எப்படி ஏறி இறங்கும்? உயிர்களின் திரள் அது என்று பிறகு தெரிந்தது.

கார்பனுக்கு இதில் என்ன வேலை என்றால், ராத்திரி மேலே மேய்கிறது, வயிறு நிறைய கீழே போகிறது, பகல் முழுக்க அங்கேயே மூச்சுவிட்டுக் கழிக்கிறது. இடையில் தின்னப்படாமல், கரையாமல், உயிருள்ள வண்டியில் ஏறி கார்பன் நேரே ஆழத்துக்குப் போகிறது. பல கடற்பகுதிகளில் தானாக விழும் கழிவோடு ஒப்பிட்டால் இது 10 முதல் 30 சதவீதம். வடஅட்லாண்டிக்கின் கலானஸ் என்ற கோப்பிபாடு இன்னொரு படி மேலே போகிறது. கோடையில் உடம்பில் எண்ணெய்ப் பை நிறையச் சேர்த்து, குளிர்காலம் முழுக்க 600 முதல் 1,400 மீட்டர் ஆழத்தில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துக் கிடக்கும். எரித்த கார்பன் அங்கேயே தங்கிவிடும்.

அரபிக்கடலில் ஒரு விசேஷம் உண்டு. சுமார் 150 முதல் 1,000 மீட்டர் வரை ஆக்சிஜன் மிகக் குறைவு. அங்கே இறங்கும் பிராணிகள் உடம்பின் வேகத்தையே குறைத்துக்கொள்கின்றன, அதனால் மூச்சில் விடும் வாயு குறைகிறது. விழும் கழிவைத் தின்ன ஆளும் குறைவு, ஆகவே அது சிதையாமல் அதிக தூரம் இறங்குகிறது.

கிருஷ்ணகிரி: ஓடு கட்டும் மிதவைகள் ஓட்டுக்குள் கார்பனைப் பூட்டி வைப்பதாகச் சொல்கிறார்களே?

பலரும் இடறும் இடம் இது. சுண்ணாம்பு ஓடு ஒரு பங்கு கட்ட, கடல்நீரில் கரைந்துள்ள பைகார்பனேட் இரண்டு பங்கு வேண்டும். ஒன்று ஓடாகிறது, மற்றது கரியமில வாயுவாக வெளியாகிறது. ஆக, ஓடு கட்டும் வேலை மட்டும் என்று பார்த்தால் மேல்நீரில் வாயு கூடத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஓட்டின் கனம் கூடவே ஒட்டிய கரிமக் கழிவையும் இழுத்துக்கொண்டு இறங்கும். இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

அரூர், விவசாயி: எங்கள் தென்பெண்ணை கடலூர்ப் பக்கம் கடலில் கலக்கிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, ஆனால் சிறியது. வங்கக்கடலுக்கு ஆறுகள் கொண்டுவரும் களிமண் துகள் கழிவு உருளையில் சேர்ந்தால் அது கனத்து வேகமாக விழும். அந்த மண்ணில் பெரும்பகுதி கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவருவது. தென்பெண்ணையின் வண்டல் கெலவரப்பள்ளி, கேஆர்பி, சாத்தனூர் அணைகளிலேயே நிறைய தங்கிவிடுகிறது.

பென்னாகரம்: கடலில் இரும்பைக் கொட்டி பாசியை வளர்த்தால் காற்றைச் சுத்தம் செய்துவிடலாமா?

2009-இல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் சேர்ந்து அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்கடலில் செய்து பார்த்தார்கள். லோஹாஃபெக்ஸ் என்று பெயர். சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் 6 டன் இரும்பு. பாசி பெருகியது. ஆனால் அந்தத் தண்ணீரில் சிலிக்கா தீர்ந்திருந்ததால் கண்ணாடி ஓடுள்ள டையாட்டம் என்ற பாசி வளரவில்லை. வளர்ந்த மெல்லிய செல்களைக் கோப்பிபாடுகள் மேய்ந்தன, கோப்பிபாடுகளை ஆம்பிபாடு என்ற சற்றுப் பெரிய ஓட்டுயிரிகள் தின்றன. ஆழத்துக்குப் போனது மிகக் கொஞ்சம். மேயும் வாயைக் கணக்கில் சேர்க்காத திட்டம் எதுவும் நிற்காது என்பதே என் கருத்து.

ஓசூர்: உயிர்கள் இப்படிக் கார்பனை ஆழத்துக்கு இறக்குவதை உயிரியல் பம்ப் என்கிறார்களே, அது நின்றுபோனால்?

இப்போது காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 420 பங்குக்கு மேல். பம்ப் அடியோடு நின்று, கடல் அதற்கேற்பச் சமநிலைக்கு வந்தால் இன்னும் 150 முதல் 200 பங்கு வரை கூடும் என்பது பொதுவான மதிப்பீடு.

பாலக்கோடு ஆசிரியர் மறுபடியும்: பிள்ளைகளுக்கு நம் ஊர் ஏரியிலேயே இதைக் காட்ட முடியுமா?

இரவில் மிதவைகள் மேலே வருவதையும் கழிவு உருளையையும் காட்டலாம். ஆழ்கடலில் கார்பன் தங்குவதைக் காட்ட முடியாது. ஏரி ஆழமில்லாதது, அடிச்சேற்றில் அழுகி மீத்தேனாகவும் வெளியேறிவிடும்.

ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் 43 எண் துணி வாங்குங்கள், அதன் கண் சுமார் 150 மைக்ரான். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள கம்பி வளையத்தில் 90 சென்டிமீட்டர் நீளக் கூம்பாகத் தைத்து, நுனியில் 200 மில்லி பாட்டிலைக் கட்டுங்கள். மதகுப் பக்கம் வேண்டாம், இறங்கப் பத்திரமான கரை போதும். 5 லிட்டர் வாளியால் மேல்தண்ணீரை 10 தடவை மொண்டு வலையில் ஊற்றுங்கள். மதியம் 2 மணிக்கு ஒரு முறை, இரவு 8 மணிக்குப் பெரியவர்கள் மட்டும் அதே இடத்தில் ஒரு முறை. இரவில் மொண்டு முடிக்கும்வரை தண்ணீரில் டார்ச் அடிக்கக் கூடாது. வெளிச்சத்துக்குப் பூச்சி கூடிவிடும், எண்ணிக்கை பொய்யாகும்.

கடைசியில் வலையை வெளிப்பக்கத்திலிருந்து தண்ணீர் தெளித்துக் கழுவுங்கள். இல்லையென்றால் பாதிக்குமேல் துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். பாட்டிலில் சரியாக 200 மில்லி வரும்படி செய்து, மெல்லக் கலக்கி, முனையை அகலமாக வெட்டிய சிரிஞ்சால் 5 மில்லி எடுத்து எண்ணுங்கள். எண்ணியதை 40-ஆல் பெருக்கி 50-ஆல் வகுத்தால் லிட்டருக்கு இத்தனை என்று வரும். 20 எண்ணினால் லிட்டருக்கு 16. வலையைச் சோப்புப் போட்டுத் துவைக்காதீர்கள், மிச்சச் சோப்பு அவற்றைக் கொன்றுவிடும். பாட்டிலை வெயிலில் மூடி வைத்தாலும் மூச்சுமுட்டிச் சாகும்.

உயிரோடு நாலைந்து கோப்பிபாடுகளைப் பாசியால் பச்சையான ஏரித் தண்ணீரோடு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு அடியில் கிடப்பதை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். ஒற்றைக் கண், சில பெண் கோப்பிபாடுகளுக்கு வாலருகே இரண்டு முட்டைப் பை, பக்கத்தில் பழுப்புப் பச்சையாகச் சிறு உருளைகள் தெரியும்.