மெட்டல் இசையும் ஆவணப்படங்களும்: சேலத்திலிருந்து சில கேள்விகள்

அஸ்தம்பட்டி மாணவர்: அண்ணா, ஹெவி மெட்டல் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. எந்தப் படத்தில் தொடங்கலாம்?

சாம் டன் 2005இல் எடுத்த 'மெட்டல்: எ ஹெட்பேங்கர்ஸ் ஜர்னி' பாருங்கள். டன் கனடாக்காரர், மானுடவியல் படித்தவர், தீவிர ரசிகர். இந்த இசையைச் சிலர் ஏன் உயிராக நினைக்கிறார்கள், சிலருக்கு ஏன் ஆகவே ஆகாது என்று ஊர் ஊராகப் போய்க் கேட்கிறார். 1990களில் நார்வேயில் தேவாலயங்களுக்குத் தீ வைத்த கதையையும் மறைக்கவில்லை. அதனால்தான் அவரை நம்புகிறேன்.

இரும்பாலைப் பக்கத்துத் தம்பி: அப்பா இதைத் 'தகரம் தட்டுற சத்தம்' என்கிறார்.

அப்பா சொன்னதில் விஷயம் இருக்கிறது! மெட்டலுக்கு வழிபோட்ட பிளாக் சாபத் குழு பிறந்த இங்கிலாந்தின் பர்மிங்காம், ஆலைகள் நிறைந்த ஊர். குழுவின் கிதார் கலைஞர் டோனி ஐயோமிக்கு 17 வயதில், தகடு ஆலை இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. இடது கைக்காரர் என்பதால் கம்பியை அழுத்துகிற கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, அதன்மேல் தோல் ஒட்டி வாசித்தார். மெல்லிய கம்பி மாட்டினார். அப்புறம் சுருதியையும் இறக்கினார். கம்பி தளர்ந்தது, ஓசை கனத்தது.

அம்மாபேட்டை பாட்டு டீச்சர்: சாத்தானின் சுரம் என்கிறார்களே, அது எது?

டீச்சர், ஒரு சட்ஜம் பிடித்து நேரே பிரதி மத்தியமத்துக்குத் தாவுங்கள். அந்த இடைவெளிதான். 1970இல் வந்த பிளாக் சாபத்தின் முதல் ஆல்பம், மழையும் மணியோசையும் கேட்டபின் அந்த இடைவெளியில்தான் இறங்குகிறது. ஐரோப்பாவில் பயமுறுத்திய அதே மத்தியமத்தைத்தான் நீங்கள் கல்யாணியில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்.

ஏற்காடு வாசகி: மெட்டல் ரசிகர்கள் விரலைக் கொம்பு மாதிரி காட்டுவது சாத்தான் வழிபாடா?

இல்லைங்க. மெட்டல் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோ டன்னின் படத்திலேயே விளக்குகிறார்: கண்ணேறு படாமலிருக்க அவருடைய இத்தாலியப் பாட்டி காட்டிய சைகை அது. நம் வீட்டில் உப்பு மிளகாய் சுற்றிப் போடுகிறோமே, அதேதான்.

மறுபடியும் இரும்பாலைத் தம்பி: அப்பாவோடு உட்கார்ந்து பார்க்க ஒன்று சொல்லுங்கள்.

2008இல் வந்த 'அன்வில்' ஆவணப்படம். பெரிய புகழ் கைக்கு வராமலே போன அன்வில் என்ற கனடா மெட்டல் குழுவின் கதை அது. பாடகர் லிப்ஸ் ஐம்பது வயதில், பனியில், பள்ளிகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வேலை பார்க்கிறார். பதின்வயதிலிருந்தே நண்பனான டிரம்மர் ராப் ரைனரோடு இன்னும் வாசிக்கிறார். இருவரும் கத்திச் சண்டை போட்டு, அழுது, சமாதானமாகும் இடம் ஒன்று வரும். அங்கே அப்பா பேச ஆரம்பித்தால் படத்தை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.