ஓபரா மேடைக்கு வரலாற்று உடைகளை வரைதல்: கேள்வி பதில்

ஐரோப்பிய ஓபரா (பாடியே நடிக்கும் இசை நாடகம்), நாடக அரங்குகளின் உடைப் பட்டறைகளுக்காகப் பல ஆண்டுகளாக உடைகளை வரைந்து வரும் நம் உறுப்பினரான அம்மையாரிடம் வாசகர்கள் கேட்ட கேள்விகளும் அவர் எழுதிய பதில்களும் கீழே தரப்படுகின்றன.

கேள்வி: அம்மா, நான் கோவையில் ஆடை வடிவமைப்புப் படிக்கிறேன். எங்களுக்குக் கற்றுத்தரும் ஃபேஷன் படங்களுக்கும் மேடை உடைக்காக வரையும் படங்களுக்கும் என்ன வேறுபாடு? நன்றாக ஓவியம் வரையத் தெரிந்தால்தான் இத்துறைக்கு வர முடியுமா?

பதில்: ஃபேஷன் படம் பார்ப்பவரின் ஆசையைத் தூண்டுவதற்காக வரையப்படுவது, அதனால் உடலைத் தலையின் ஒன்பது, பத்து மடங்கு உயரத்துக்கு நீட்டி வரைவது அங்கே வழக்கமாகிவிட்டது. மேடை உடைப் படமோ வேலை செய்பவர்களுக்கான படம். அதைப் பார்த்துத்தான் கட்டிங் மாஸ்டர் துணியை வெட்டுகிறார், சாயம் போடுபவர் நிறம் கலக்கிறார், பொய்முடி செய்பவர் நெற்றிக் கோட்டை முடிவு செய்கிறார். பாடகரும் தம் பாத்திரம் எப்படி நிற்கும், எப்படி நடக்கும் என்பதை அதிலிருந்தே முதன்முதலாக அறிந்துகொள்கிறார். ஆகவே உருவத்தை ஏழரை, எட்டுத் தலை உயரத்துக்குள் வையுங்கள். முடிந்தால் அந்தப் பாடகரின் நிழற்படத்தையும் அளவுகளையும் முன்னால் வைத்துக்கொண்டு, அவருடைய உடம்பையே வரையுங்கள். ஒல்லியான கற்பனை உருவத்தின்மேல் வரைந்த உடையைத் தோளகன்ற ஒரு பாரிட்டோன் பாடகருக்குப் போட்டுப் பார்க்கும் நாளில் ஏமாற்றம் அடைபவர் அவர் மட்டுமல்ல.

ஓவியத் திறமை இருந்தால் நல்லதே. ஆனால் தையல் எங்கே ஓடுகிறது, கொசுவம் எங்கே தொடங்கி எங்கே விரிகிறது, உடை முன்னால் திறக்கிறதா முதுகில் திறக்கிறதா என்பவற்றைத் தெளிவாகக் காட்டும் சுமாரான படம், இவை எதுவுமே தெரியாத அழகான நீர்வண்ண ஓவியத்தைவிடப் பட்டறையில் அதிகம் மதிக்கப்படும்.

கேள்வி: பழைய ஓவியங்களைப் பார்த்து உடைகளை அப்படியே வரைந்தால் போதாதா? அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில்: நம்பலாம், ஆனால் ஒவ்வொன்றையும் விசாரித்த பிறகு நம்ப வேண்டும். கெய்ன்ஸ்பரோ 1770ஆம் ஆண்டையொட்டித் தீட்டிய நீல உடைச் சிறுவனின் ஓவியம் உலகப் புகழ் பெற்றது. அந்தச் சிறுவன் அணிந்திருப்பது அவன் காலத்து உடையன்று. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு வான் டைக் தீட்டிய பிரபுக்களின் உடையைப் பின்பற்றிய அலங்கார உடை. அக்கால இங்கிலாந்தில் இப்படி வேடமிட்டுப் படம் எழுதிக்கொள்வது ஒரு நாகரிகமாக இருந்தது. இது தெரியாமல் 1770ஆம் ஆண்டில் நிகழும் கதைக்கு அந்த உடையை எடுத்தாண்டால், கதை ஒரு நூற்றாண்டுக்கு மேல் பின்னால் போய்விடும்.

என் வழக்கம், முதலில் எஞ்சியிருக்கும் உண்மையான உடைகளைத் தேடுவது. இவ்வகையில் ஜேனட் ஆர்னால்டு செய்த தொண்டு பெரிது. அருங்காட்சியகங்களில் இருந்த உடைகளைத் தையல் தையலாக அளந்து, எட்டில் ஒரு பங்கு அளவில் வெட்டுப்படங்களாக அவர் வரைந்து வைத்ததால்தான், துணிக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது எங்களைப் போன்றவர்களுக்குத் தெரிய வந்தது. அதன் பிறகே கல்லறைச் சிற்பங்கள், ஓவியங்கள், சேசரே வெச்செல்லியோ 1590இல் வெனிஸில் வெளியிட்டதைப் போன்ற உடைத் தொகுப்புகள் ஆகியவற்றுக்கு வருகிறேன். வெச்செல்லியோ தாம் நன்கறிந்த வெனிஸைப் பற்றிச் சொல்வதற்குத் தரும் எடையைத் தொலைதூர நாடுகளைப் பற்றி அவர் சொல்வதற்குத் தர இயலாது.

துணியின் அகலத்தையும் மறந்துவிடாதீர்கள். பதினெட்டாம் நூற்றாண்டுப் பட்டு பெரும்பாலும் 50 முதல் 55 சென்டிமீட்டர் அகலத்தில்தான் நெய்யப்பட்டது. ஆகவே அக்காலத்து அகன்ற பாவாடையில் பல செங்குத்துத் தையல்கள் இருந்தே தீரும். அவற்றை வரையாமல் விட்டால், கட்டிங் மாஸ்டர் இன்றைய அகலத் துணியை ஒரே பரப்பாக வெட்டிவிடுவார்.

கேள்வி: வரலாற்றுத் துல்லியம் மேடைக்கு எப்போதுமே தேவைப்பட்டதா?

பதில்: இல்லை, அது பிற்காலத்தில் வந்த ஆசை. ஷேக்ஸ்பியரின் காலத்தில், 1595ஆம் ஆண்டையொட்டி வரையப்பட்டதாகக் கருதப்படும் ஒரு படத்தில், ரோமானியக் கதையின் நாயகன் ரோமானியப் பாணிப் போர்வை அணிந்திருக்க, அவனுக்குப் பின்னால் நிற்கும் காவலர்கள் எலிசபெத் காலத்து உடையிலேயே நிற்கிறார்கள். 1755இல் பாரிஸில் சீனக் கதை ஒன்றில் நடித்த கிளெரோன் என்ற நடிகை இடுப்பின் இருபுறமும் புடைத்து நிற்கும் வளையச் சட்டத்தைக் கழற்றிவைத்தது ஒரு துணிச்சலாகவே பேசப்பட்டது. 1789இல் நடிகர் தல்மா, ஓவியர் டாவிட்டின் வழிகாட்டுதலோடு, கைகால்கள் வெளியே தெரிய உடலைச் சுற்றிப் போர்த்தும் ரோமானியத் தோகா அணிந்து மேடையேறியபோது உடன் நடித்தவர்களே அதிர்ந்துபோனார்கள்.

இங்கிலாந்தில் திருப்புமுனை 1823ஆம் ஆண்டு. லண்டனின் கவன்ட் கார்டன் அரங்கில் ஜான் மன்னனின் கதைக்கு ஜேம்ஸ் ராபின்சன் பிளான்ஷே கல்லறைச் சிற்பங்களையும் முத்திரைகளையும் ஆராய்ந்து உடைகளை வரைந்தார். நடிகர்கள் தம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று அஞ்சினார்கள். ஆனால் வூஸ்டர் பேராலயத்துச் சிற்பத்தில் உள்ளபடியே அரசன் தோன்றியதும் அரங்கம் ஆரவாரித்தது.

ஓபராவில் இந்த ஆசை உச்சத்துக்குப் போனது வெர்டியின் ‘ஐடா’வில். எகிப்தியவியல் அறிஞரான ஒகுஸ்த் மரியெத் அதற்கான உடைகளைத் தாமே வரைந்து, பாரிஸில் தைக்க ஏற்பாடு செய்தார். பிரஷ்யப் போரில் பாரிஸ் முற்றுகையிடப்பட்டதால் உடைகளும் அரங்க அமைப்புகளும் நகருக்குள் சிக்கிக்கொள்ள, கெய்ரோவில் முதல் நிகழ்ச்சி 1871 டிசம்பர் 24 வரை தள்ளிப்போயிற்று. ஆனால் எனக்கு இதில் முக்கியமாகப் படுவது மரியெத்தின் தயக்கம். கருங்கல்லில் செதுக்கிய அரசன் பெரிய மகுடத்தோடு கம்பீரமாக இருக்கலாம், அதே கோலத்தில் உயிருள்ள மனிதனை நடக்கவும் பாடவும் விட்டால் சிரிப்பு வந்துவிடுமோ என்று அவரே ஒரு கடிதத்தில் கவலைப்பட்டிருக்கிறார். சான்றுகள் அனைத்தையும் கரைத்துக் குடித்த ஒருவருக்கே அந்தக் கவலை வந்தது என்பதை ஒவ்வொரு படத்தைத் தொடங்கும்போதும் நான் எண்ணிப்பார்க்கிறேன்.

கேள்வி: ஒரே ஓபராவை எடுத்துக்கொண்டு, நீங்கள் எப்படி வரைவீர்கள் என்று விளக்க முடியுமா?

பதில்: புச்சினியின் ‘தோஸ்கா’வை எடுத்துக்கொள்வோம். முதலில் அரங்கேறியது 1900 ஜனவரியில், ரோமில். கதை நிகழ்வதோ 1800 ஜூனில், நெப்போலியன் ஆஸ்திரியரை வென்ற மரெங்கோ போரின் செய்தி ரோமுக்கு வந்து சேரும் வேளையில். உடை வரைபவருக்கு இது வாய்ப்பான தருணம். ஏனெனில் பழைய அரசாட்சியின் உடையும் புரட்சிக்குப் பிந்தைய புதிய உடையும் ஒரே தெருவில் உலவிய காலம் அது. காவல் தலைவன் ஸ்கார்பியாவுக்குத் தூள் பூசிய பொய்முடியும் பூவேலை செய்த பட்டுக் கோட்டும் முழங்கால் வரையிலான கால்சட்டையும் தரலாம். ஓவியன் கவரதோசிக்குக் கத்தரித்த இயற்கையான முடியையும் நீண்ட கால்சட்டையையும் தந்தால், அவன் யார் பக்கம் என்பதை அவன் வாய் திறக்கும் முன்பே பார்வையாளர் அறிந்துகொள்வார்கள். அந்தக் குறுமுடிக்கு ‘டைட்டஸ் வெட்டு’ என்றே பெயர்; முன்பு சொன்ன தல்மா ரோமானிய டைட்டஸாக நடித்ததிலிருந்து பரவியது அது.

கவரதோசியின் காதலியும் பாடகியுமான தோஸ்காவுக்கு மார்புக்குக் கீழேயே இடை முடிந்துவிடும் மெல்லிய உடை. இரண்டாம் அங்கத்தில் அவள் பர்னேசே மாளிகையில் அரசி முன்னிலையில் பாடிவிட்டு வருவதால், அது அரசவைக்குரிய நீண்ட பின்தோகை கொண்ட உடையாக இருக்க வேண்டும். அதே உடையில்தான் அவள் மேசையிலிருந்து கத்தியை எடுக்கிறாள், ஸ்கார்பியாவைக் கொலை செய்கிறாள், பிணத்தின் இருபுறமும் மெழுகுவத்திகளை வைக்கிறாள். எனவே தோகை அவள் திரும்பும் திசையிலெல்லாம் காலில் சிக்காத நீளத்தில் இருக்க வேண்டும். எரியும் சுடரைப் பயன்படுத்தும் தயாரிப்பாக இருந்தால் துணிக்குத் தீத்தடுப்புப் பூச்சும் தேவை. மூன்றாம் அங்கம் அதே இரவின் விடியல். அவளுக்கு உடை மாற்ற நேரம் ஏது? அதனால் நான் அதே உடையின்மேல் ஒரு பயண மேலங்கியை மட்டுமே வரைவேன். கோட்டை மதிலிலிருந்து அவள் குதிப்பதால், அந்த மேலங்கியின் கழுத்துக் கொக்கி இழுத்தவுடன் விட்டுவிடும் வகையில் இருக்க வேண்டும் என்றும் ஓரத்தில் எழுதிவைப்பேன்.

முதல் அங்கத்தில் கண்டெடுக்கப்படும் விசிறியில் அத்தவந்தி குடும்பத்தின் சின்னம் இருந்தாக வேண்டும், ஏனெனில் கதையே அதில் திரும்புகிறது. அதே அங்கத்தின் முடிவில் வரும் ஊர்வலத்தில் சுவிஸ் காவலர்கள் உண்டு. பலரும் இன்றைய வாத்திகன் காவலரின் வரிக்கோட்டுச் சீருடையை அப்படியே வரைந்துவிடுகிறார்கள். அது 1910களில் தளபதி ஜூல் ரெபோன் சீரமைத்துத் தந்த வடிவம்.

கேள்வி: இடையை இறுக்கும் உள்கச்சான கார்செட் அணிந்துகொண்டு பாடகிகள் எப்படி மூச்சு விடுகிறார்கள்?

பதில்: பாடும்போது கீழ் விலா எலும்புகள் பக்கவாட்டிலும் முதுகுப்புறமும் விரிகின்றன. ஆகவே சாதாரண நிலையில் ஓர் அளவும், மூச்சை முழுதும் உள்ளிழுத்த நிலையில் மற்றோர் அளவும் எடுத்து, பெரிய அளவுக்கே உடையின் மேல்பகுதியை வெட்டச் சொல்வோம். முதுகில் நாடா கட்டும் இடத்தில் இடைவெளி விட்டுவைப்பதும், பக்கங்களில் பார்வைக்குத் தெரியாமல் நெகிழும் துணியைச் சேர்ப்பதும் உண்டு. விலாவைச் சுற்றி ஓர் அணைப்பு இருந்தால் அதை எதிர்த்து மூச்சை நிறுத்திப் பாட வசதியாக இருக்கிறது என்று சொல்லும் பாடகிகளும் இருக்கிறார்கள். கேட்காமல் எதையும் முடிவு செய்ய வேண்டாம். கார்செட்டைவிட அதிகம் தொல்லை தருவது தலையணிதான். காதை மூடும் முக்காடோ தலைக்கவசமோ போட்டால் பாடகருக்கு இசைக்குழுவின் ஒலி சரியாகக் கேட்காது. அத்தகைய இடத்தில் காதுப் பகுதிக்கு வலைத்துணி என்று படத்திலேயே குறித்துவிடுவேன்.

கேள்வி: கோரஸில் அறுபது பேர் இருந்தால் அறுபது படங்களா?

பதில்: சில வேளைகளில் ஆம். ஆனால் முதலில் எல்லோரையும் ஒரே தாளில் கட்டைவிரல் உயரத்தில் வரைந்து, நிறங்களை மட்டும் இட்டுப் பாருங்கள். நாயகியின் நிறம் கூட்டத்தில் கரைந்துபோகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். பிறகு கூட்டத்தைத் தொழில், வயது, செல்வநிலை எனக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு முழுப் படமும் மற்றவர்களுக்கு மாறுதல் குறிப்புகளும் தரலாம். இந்த உடைகளைப் பல ஆண்டுகள் வெவ்வேறு உடம்புகள் அணியும் என்பதால், தையலுக்கு உள்ளே தாராளமாகத் துணி விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தாளா, டேப்லெட்டா?

பதில்: எது கைவருகிறதோ அது. துணி மாதிரியைப் படத்தோடு குத்தி வைப்பது மட்டும் தாளில்தான் முடியும். அந்த மாதிரியையும் மேடை விளக்கின் கீழே பிடித்துப் பார்த்த பிறகே நிறத்தை இறுதி செய்யுங்கள்.

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். பிசேயின் ‘முத்துக் குளிப்போர்’ இலங்கையில் நடப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் நான் பார்த்த படங்களில் இருந்த உடைகள் எங்கள் கரையோரம் எதற்கும் பொருந்தவில்லை. இதை எப்படி வரைவது சரி, அம்மா?

பதில்: 1863இல் பாரிஸில் அரங்கேறிய அந்த ஓபராவின் களம் முதலில் மெக்சிகோவாகத்தான் திட்டமிடப்பட்டிருந்தது, பிறகே இலங்கைக்கு மாற்றினார்கள். ஆகையால் உங்களுக்கு நேர்ந்த உறுத்தலுக்குக் காரணம் எழுத்திலேயே இருக்கிறது. ஆனால் உடை வரைபவர் அதே பொதுவான கீழைநாட்டு மினுமினுப்பைத் தொடர வேண்டிய கட்டாயம் இல்லை. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பைப் பற்றிப் போதிய பதிவுகள் உள்ளன. கல்லைக் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு இறங்கும் குளிப்பாளர்கள் சிறு கோவணம் அளவே உடுத்தியிருந்தார்கள், இடுப்பருகே சிப்பிக்கான வலைப்பை இருந்தது. சுறாக்களின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டிகள் மந்திரம் ஓதிக் காத்தார்கள். ஓபராவில் நாயகி லெய்லா பாறைமேல் நின்று தீய ஆவிகளை விலக்கப் பாடுகிறாள். அவளுடைய உடைக்கான சிந்தனையை நான் பாரிஸின் ஆடல் நங்கையரிடமிருந்து எடுக்காமல் அந்தக் கடல்கட்டிகளிடமிருந்தே தொடங்குவேன்.

இரண்டை மட்டும் மாற்ற முடியாது: அவள் முகத்தை மறைக்கும் திரை, அவள் சிறுவயதில் ஒருவனுக்குத் தந்த கழுத்துமாலை. கதையின் முடிச்சுகள் இரண்டும் அவற்றில்தான் உள்ளன. திரை வழியாகவும் அவள் குரல் தடையின்றி வர வேண்டுமென்பதால் மிக மெல்லிய துணியாக, வாயருகே ஒட்டாதவாறு விலகி நிற்கும்படி வரையுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் 1780களின் பிரெஞ்சு நகைச்சுவை நாடகம் ஒன்றைத் தமிழில் போடுகிறோம். பட்டுக்கும் வெல்வெட்டுக்கும் பணம் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: பட்டை விட்டுவிடுங்கள், பருத்தியே போதும், வரலாறும் உங்கள் பக்கம் இருக்கிறது. சோழமண்டலக் கரையில் சாயமிட்டு வரைந்த பருத்தித் துணிகள் ஐரோப்பாவில் அவ்வளவு விரும்பப்பட்டன என்பதால்தான், உள்நாட்டு நெசவைக் காக்க பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அவற்றைத் தடை செய்து வைத்திருந்தது. தடை நீங்கிய பிறகு பெண்களின் உடையிலும் ஆண்களின் வீட்டு மேலங்கியிலும் பூக்கொடி போட்ட பருத்தி தாராளமாக வந்தது. வெளிர்நிறப் பின்னணியில் மெல்லிய கொடிகள் ஓடும் கலம்காரித் துணியைத் தேர்ந்தெடுத்தால் அக்காலத்துக்கு மிக அருகில் போய்விடலாம். பெரிய தெய்வ உருவங்கள் உள்ளதைத் தவிருங்கள்.

பணத்தை வெளியே தெரியும் துணியில் போடாமல் உள்ளே போடுங்கள். தடித்த காடாத்துணியில் இடுப்புத் திண்டும் உடலை இறுக்கும் உள்கச்சும் முதலில் தைத்து, ஒத்திகையின் தொடக்கத்திலிருந்தே மாணவிகளை அணியச் சொல்லுங்கள்; உடலின் வெளிவடிவம் சரியாக அமைந்துவிட்டால் இருபதடி தூரத்தில் அமர்ந்திருப்பவருக்கு லேஸின் விலை தெரியாது. ஆண்களுக்கு, நிமிர்ந்து நிற்கும் குறுகிய கழுத்துப்பட்டை கொண்ட நீண்ட கோட்டை முன்புறம் வளைத்து வெட்டி, தோளைக் குறுக்கி, கை இணையும் தையலைச் சற்று முதுகுப்பக்கமாகத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்; இன்றைய கோட்டுக்கும் அன்றைய கோட்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு அந்த முதுகில்தான் இருக்கிறது. அதனால் உங்கள் தையல்காரருக்குத் தரும் ஒவ்வொரு படத்திலும் முதுகுப்புறத்தையும் தனியாக வரைந்து, பாத்திரத்தின் பெயர், அங்கம், காட்சி, உடை மாற்றக் கிடைக்கும் நிமிடங்கள் ஆகியவற்றை மறக்காமல் எழுதிக் கொடுங்கள்.