எந்த மன்றோ? சர் தாமஸ் மன்றோ பற்றி ஒரு கேள்வி பதில்

கேள்விகள் குவிந்துவிட்டன. பேசப்போவது சர் தாமஸ் மன்றோ (1761–1827) பற்றி மட்டும். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் கேடட்டாக, அதாவது பயிற்சி வீரராக வந்து, கலெக்டராகி, சென்னை கவர்னராகவே இறந்துபோனவர். நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். நிலம், வரி, ஆவணம் என்றால் நீட்டி முழக்குவேன். போர்க்களக் கதைகளுக்கு வேறு ஆளைப் பிடியுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள், உங்கள் சொந்தப் பட்டா விவகாரத்தை இங்கே கொண்டுவராதீர்கள்.

கொல்லத்து மருமகன்: ஐயா, போன மாதம் மன்றோ துருத்துக்குப் படகில் போனோம். இவர் அங்கே எத்தனை வருஷம் இருந்தார்?

ஒரு நாள்கூட இல்லை. அந்தத் தீவுக்குப் பெயர் கொடுத்தவர் கர்னல் ஜான் மன்றோ, திருவிதாங்கூரில் ரெசிடென்டாகவும் (கம்பெனியின் பிரதிநிதி) திவானாகவும் இருந்தவர். இன்னொருவர் ஹெக்டர் மன்றோ. 1764-இல் பக்சாரில் ஜெயித்து, 1780-இல் ஹைதர் அலிக்குப் பயந்து காஞ்சிபுரத்துக் குளத்தில் பீரங்கிகளைத் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கியவர். நம்முடைய தாமஸ் அந்தப் படையில் அப்போதுதான் சேர்ந்திருந்த பையன். மூன்று பேரையும் ஒரே ஆளாக்கி எழுதிய கட்டுரைகள் ஏராளம். எந்த மன்றோ என்று பார்த்துவிட்டு அப்புறம் மேற்கோள் காட்டுங்கள்.

மவுண்ட்ரோடு மணி: தீவுத்திடலில் இருக்கும் மன்றோ சிலையில் குதிரைக்குச் சேணமும் அங்கவடியும் (கால் வைக்கும் வளையம்) இல்லை. மறந்துவிட்ட சிற்பி தற்கொலை செய்துகொண்டாராமே?

சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி. சிலை சென்னையில் நிறுவப்பட்டது 1839-இல், அவர் இறந்தது 1841-இல், திடீர் நோயால். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நான்காம் ஜார்ஜ் மன்னருக்கு அவர் செய்த சிலையிலும் சேணம் கிடையாது, அங்கவடி கிடையாது. மன்னருக்கே மறந்தாரா? பழைய ரோமானிய பாணியில் வேண்டுமென்றே செய்தது அது.

பொன்னி: பணக்கார வீட்டுப் பிள்ளைகள்தானே இப்படி அதிகாரியாக வருவார்கள்?

கிளாஸ்கோவில் வர்ஜீனியாவோடு வியாபாரம் செய்த குடும்பம்மா. அமெரிக்கச் சுதந்திரப் போரில் அந்த வியாபாரம் படுத்துவிட்டது, பையன் 1780 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கினான். அந்தக் காலத்தைப் பற்றிச் சகோதரிக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. இந்தியாவுக்கு வரும்வரை பசியும் தாகமும் களைப்பும் வறுமையும் தெரியாது என்கிறார். நான்கு குச்சிகளில் இழுத்துக் கட்டிய கித்தான் துணிதான் கட்டில். தலைக்குப் புத்தகம், இல்லாவிட்டால் தோட்டாப் பை.

தகடூரான்: ஐயா, நான் தர்மபுரிக்காரன். எங்கள் ஊரில் இருந்தார் என்கிறார்கள். இங்கே என்ன செய்தார்? ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்தவர் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி படித்ததோடு சரி.

இதைத்தான் தம்பி எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு விட்டுக்கொடுத்த பகுதிகளில் ஒன்று பாராமகால், இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர்ப் பக்கம். அதை நிர்வாகம் செய்யச் சென்னையில் இருந்த சிவில் அதிகாரிகளுக்கு மொழியும் தெரியவில்லை, ஊரும் தெரியவில்லை. கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் அவர்களை ஒதுக்கிவிட்டு கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியை நியமித்தார். ரீட்டுக்கு உதவியாளர்கள் மூன்று பேர், மூவரும் பட்டாளத்துக்காரர்கள். அவர்களில் ஒருவர்தான் மன்றோ. ஏழு வருஷம் உங்கள் பக்கத்தில் கிராமம் கிராமமாகச் சுற்றினார்.

அடுத்த வருஷமே, 1793-இல், வங்காளத்தில் அதே கார்ன்வாலிஸ் ஜமீன்தார்களோடு நிரந்தர ஒப்பந்தம் போட்டார். சர்க்காருக்கு ஜமீன்தாரைத்தான் தெரியும், உழுகிறவனைத் தெரியாது. பாராமகாலில் நடந்தது நேர் எதிர். ஒவ்வொரு வயலையும் அளந்து, தரம் பார்த்து, தீர்வை என்ற நிலவரியை நிர்ணயித்து, சாகுபடி செய்கிறவன் பெயருக்கே பட்டா கொடுத்தார்கள். இதுதான் ரயத்துவாரி. தொடங்கிவைத்தவர் ரீட் என்பதை மறக்க வேண்டாம். மன்றோ அந்த முறைக்காகச் சாகும்வரை வாதாடியவர்.

1799-இல் திப்பு வீழ்ந்ததும் அவரைக் கன்னடக் கரைக்கு அனுப்பினார்கள், மனமில்லாமல்தான் போனார். அடுத்து 1800-இல் நிஜாம் ஒப்படைத்த பெல்லாரி, கடப்பா, அனந்தபூர்ப் பகுதிகள். அங்கேதான் அளவை வேலை பெரிதாக நடந்தது. சங்கிலியின் நீளம் 33 அடி. 33-க்கு 33 என்று ஒரு சதுரம் போட்டால் 1089 சதுர அடி, அதில் 40 சேர்ந்தால் ஒரு ஏக்கர். நம் கணக்கில் ஒரு சதுரம் சரியாக இரண்டரை சென்ட். குமாஸ்தாக்கள் வெயிலில் இந்தச் சங்கிலியை இழுத்துக்கொண்டு ஜில்லா ஜில்லாவாக நடந்திருக்கிறார்கள்.

உங்கள் பக்கத்துக் கதை இதற்குள் வேறு மாதிரி திரும்பியது. ரீட்டும் மன்றோவும் போன பிறகு சென்னையிலும் ஜமீன்தாரி வேண்டும் என்று உத்தரவு வந்தது. சேலம் ஜில்லாவை மிட்டா என்ற சின்னச் சின்ன ஜமீன்களாக வெட்டி ஏலம் விட்டார்கள். இன்றைக்கும் சேலம், தர்மபுரிப் பக்கம் பெரியவர்கள் மிட்டாதார் குடும்பம் என்று சொல்வது அந்த ஏலத்தின் மிச்சம். ஏலம் எடுத்தவர்களில் பலர் பணம் கட்ட முடியாமல் மிட்டாவைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கடுத்துக் கிராமத்தை மொத்தமாகக் குத்தகைக்கு விட்டுப் பார்த்தார்கள், அதுவும் சரிப்படவில்லை. 1820-இல் மன்றோ கவர்னராகத் திரும்பி வந்த பிறகுதான் ரயத்துவாரி மாகாணத்தின் பொது முறையாக நின்றது. இன்றைக்கும் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கிறதல்லவா, சர்க்கார் வருஷத்துக்கு ஒருமுறை ஊர்க் கணக்கை விரித்துவைத்துக் குடியானவனோடு நேருக்கு நேர் உட்காரும் அந்த ஏற்பாடு இந்த வழியில் வந்ததுதான்.

நிலம் வாங்கியவன்: ஐயா, கூட்டுப் பட்டாவில் என் பெயர் விட்டுப்போயிருக்கிறது. என்ன செய்யலாம்?

மேலே முதல் பத்தியைப் படியுங்கள். இ-சேவை மையம்.

வீரபாண்டியன் வழி: கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதில் இவருக்குப் பங்கு உண்டா?

இல்லை. 1799 கயத்தாறு, மேஜர் பானர்மேன். மன்றோ அப்போது கன்னடக் கரையில் இருந்தார். ஆனால் கைகள் சுத்தம் என்று விட்டுவிடாதீர்கள். நிஜாம் ஒப்படைத்த அந்த ராயலசீமையில் சுமார் 80 பாளையக்காரர்களை அடக்கி, படையைப் பிடுங்கி, பலரைப் பென்ஷன்காரர்கள் ஆக்கியவர் அவர்தான். அவர் நடத்திய விதம் கடுமை என்று கம்பெனியின் லண்டன் இயக்குநர்களே குறை சொன்னார்கள். பல வருஷம் கழித்து, 1846-இல் கிளர்ந்தெழுந்த உய்யாலவாடா நரசிம்ம ரெட்டி அப்படிப் பென்ஷனில் தள்ளப்பட்ட ஒரு குடும்பத்தின் வாரிசு.

நாளைய வரலாறு: சிலையில் ஏன் அங்கவடி இல்லை?

மணிக்குச் சொன்ன பதில் மேலே இருக்கிறது.

துங்கா தீரம்: மந்திராலயத்தில் ராகவேந்திரர் இவருக்குக் காட்சி கொடுத்தது உண்மையா?

மடத்து மானிய நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் விவகாரத்தை விசாரிக்கப் போனபோது, 1671-இல் பிருந்தாவனம் புகுந்த (ஜீவசமாதியான) சுவாமிகள் அவரோடு மட்டும் பேசினார் என்பது கதை. பெல்லாரி ஜில்லா கெசட்டியரிலேயே பதிவாகியிருக்கிறது. கெசட்டியரில் ஏறியதால் நடந்தது என்றாகிவிடாது, மக்கள் அப்படிச் சொன்னார்கள் என்பதற்குத்தான் அது சாட்சி. திருமலையில் மன்றோ பெயரில் நைவேத்தியம் உண்டு. அந்தப் பக்கம் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்றுகூடப் பெயர் வைத்திருக்கிறார்கள். கடப்பாவில் பாபாக்னி ஆற்றின் கண்டி கணவாயில் சாகப்போகிறவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும் தங்கத் தோரணத்தை அவர் பார்த்தார் என்பது இன்னொரு கதை. வரி வாங்க வந்தவனைச் சுற்றி இத்தனை கதை முளைத்ததுதான் எனக்கு வியப்பு. அதற்கு முந்தைய இருபது வருஷம் அந்தச் சீமையில் படைகளும் கொள்ளையர்களும் ஆடிய ஆட்டத்தைப் படித்தால் கொஞ்சம் புரியும்.

செங்கதிர்: ஐயா மன்னிக்கவும், ஒரு வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள். ரயத்துவாரி என்றால் வரிக் கொடுமை. அண்ணுந்தாள் போட்டு வசூலித்ததைச் சொல்லவே இல்லையே?

சொல்லவந்தேன், பட்டாக்காரர் குறுக்கே வந்துவிட்டார்.

1855-இல் சென்னை சித்திரவதை விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. தீர்வை கட்டாத குடியானவனைக் குனியவைத்து, கழுத்தையும் கால் பெருவிரலையும் கயிற்றால் பிணைத்து, முதுகில் கல்லேற்றி வெயிலில் நிறுத்துவது அண்ணுந்தாள். விரல்களை மரக்கட்டைகளுக்கு நடுவே வைத்து நெருக்குவது கிட்டி. மன்றோ செத்து 28 வருஷம் கழித்து வந்த அறிக்கை என்று சொல்லி நான் தப்பிக்கப் போவதில்லை. சர்க்கார் குடியானவனை நேரே தேடி வந்தால் சர்க்காரின் சேவகனும் நேரே வருவான். நடுவில் ஜமீன்தார் இல்லை என்பதற்கு இரண்டு பக்கமும் உண்டு.

தீர்வையும் லேசானதல்ல. ஒப்படைக்கப்பட்ட ஜில்லாக்களில் அவர் போட்டது மொத்த விளைச்சலில் ஏறக்குறைய 45 சதவீதம். அது தாங்காது என்று அவரே 1807-இல் கால் பங்கு குறைக்கச் சொல்லி எழுதினார், மேலிடம் கேட்கவில்லை. கவர்னரான பிறகுதான் குறைக்க முடிந்தது. இடையில் போன வருஷங்களுக்கு யார் பதில் சொல்வது என்று நீங்கள் கேட்டால் என்னிடம் வக்காலத்து இல்லை.

ஏட்டுச்சுவடி: இதெல்லாம் இருக்கட்டும். 1822-இல் மன்றோ எடுத்த பள்ளிக் கணக்கைப் பற்றிப் பேசுங்கள். ஆங்கிலேயர் வரும்முன் இங்கே எல்லாச் சாதியும் படித்தது என்பதற்கு அதுவே ஆதாரம்.

வந்துவிட்டதா! சரி.

கவர்னர் மன்றோ கலெக்டர்களிடம் பள்ளிக் கணக்குக் கேட்டது 1822 ஜூனில், தொகுத்து எழுதியது 1826 மார்ச்சில். மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். ஜனத்தொகை ஒன்றேகால் கோடிக்கு மேல். பள்ளி வயது ஆண் பிள்ளைகளில் கால் பங்கு பள்ளிக்குப் போகிறார்கள், வீட்டில் படிப்பவர்களையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம் வரும் என்று அவரே கணக்குப் போட்டார். ஐரோப்பாவின் பல நாடுகள் சமீப காலம்வரை இருந்த நிலையைவிட மேல் என்றும் ஒப்புக்கொண்டார். தமிழ் ஜில்லாக்களில் சூத்திரர் என்ற கட்டத்தில்தான் பெரும்பான்மை மாணவர்கள். இவ்வளவும் சரி.

ஏட்டுச்சுவடி: நான் சொன்னதும் அதுதானே?

இல்லை. அந்தக் கட்டத்துக்குள் நிலமுடைய வேளாளரும் உண்டு, கைத்தொழில் சாதிகளும் உண்டு. யார் எத்தனை என்று பிரித்துக் காட்டாத கணக்கை வைத்து "எல்லாச் சாதியும்" என்று எப்படிச் சொல்கிறீர்கள்? பெண் பிள்ளைகள் மொத்தமே நாலாயிரத்துச் சொச்சம். சென்னைப் பட்டணத்தில் வீட்டில் படிப்பவர்கள் 26 ஆயிரத்துக்கு மேல் என்று வந்த கணக்கை மன்றோவே நம்பவில்லை.

செங்கதிர்: அப்படிக் கேளுங்கள் ஐயா! அது வெறும் கட்டுக்கதை.

நீங்களும் துள்ள வேண்டாம். கட்டுக்கதையாக இருந்தால் பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் ஏன் அப்படி எழுத வேண்டும்? 1823-இல் அவர் அனுப்பிய அறிக்கையில் 533 பள்ளிகள். பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துப் பழகுவதை உட்கார்ந்து பார்த்தவர்போல விவரிக்கிறார். அதற்குமேல், முன்பு பள்ளி இருந்த பல ஊர்களில் இப்போது இல்லை, காரணம் மக்கள் ஏழையாகிவிட்டார்கள், இங்கிலாந்துத் துணி வந்து நெசவுத் தொழில் ஒடுங்கியது என்கிறார். பெல்லாரி யாருடைய பழைய ஜில்லா? ஏழு வருஷம் மன்றோ கலெக்டராக இருந்து வசூலை ஏறக்குறைய பாதி உயர்த்திக் காட்டிய சீமை. அந்த அறிக்கை போய்ச் சேர்ந்ததும் அவர் மேசைக்கே. இரண்டு பேரும் ஒரே கணக்கை வைத்துக்கொண்டு பாதி பாதி படிக்கிறீர்கள்.

கடலை மிட்டாய்: சண்டை நன்றாக இருக்கிறது, தொடரட்டும். சுதேசிகளுக்கு ஆட்சியைக் கொடுக்கச் சொன்னார் என்பது?

பக்குவம் வந்த பிறகு, என்று ஒரு நிபந்தனையோடு 1824 டிசம்பர் குறிப்பில் எழுதினார். 1813-இல் நாடாளுமன்றச் சாட்சியத்தில், நாகரிகம் சரக்காகி இரு நாடுகளுக்கு நடுவே வியாபாரமானால் இறக்குமதியில் லாபம் இங்கிலாந்துக்குத்தான் என்றார். அதே ஆள் 1822-இல், அந்நியர் ஆட்சியும் சுதந்திரப் பத்திரிகையும் ஒன்றாக இருக்க முடியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதல் இரண்டையும் மட்டும் பகிர்ந்துவிட்டு மூன்றாவதை விடாதீர்கள்.

புதுமுகம்: குதிரைச் சிலையில்…

இல்லை தம்பி.

மவுண்ட்ரோடு மணி: அங்கவடியை விடுங்கள். நீல் சிலையை எடுத்தார்கள், இதை ஏன் எடுக்கவில்லை?

இது நல்ல கேள்வி. 1857-இல் பழிவாங்கும் கொலைகள் செய்த கர்னல் நீல். அவன் சிலைக்கு எதிராக 1927-இல் சத்தியாகிரகமே நடந்தது, ராஜாஜி மந்திரிசபை 1937-இல் அதை அப்புறப்படுத்தியது. மன்றோவுக்கு எதிராக அப்படி ஒரு கூட்டம் திரளவில்லை. ஒப்படைக்கப்பட்ட ஜில்லாக்களைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வரக் கிளம்பியவர், 1827 ஜூலை 6 அன்று பத்திகொண்டாவில் காலராவில் போய்விட்டார். அடக்கம் முதலில் கூட்டி என்ற ஊரில், பிறகு கோட்டைக்குள் புனித மேரி தேவாலயத்தில். சிலைக்குப் பணம் பொதுமக்களிடம் திரட்டியது. குடியானவன் கொடுத்தது அதில் எவ்வளவு என்று செங்கதிர் அடுத்துக் கேட்பார். கேட்கட்டும், இன்றைக்கு இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். மிச்சமிருக்கும் 'பட்டா' கேள்விகளை எல்லாம் அவரவர் தாலுகா அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லவும்.