மாமியார் இல்லாத கூட்டுக்குடும்பமா?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம், மகளுக்கு நாலு வயது. வெளிநாட்டில் ‘கோஹவுசிங்’ என்று பல குடும்பங்கள் சேர்ந்து வாழ்கிறார்களாமே, நம்ம கூட்டுக்குடும்பம் மாதிரியா?

பதில்: இல்லை, அவரவர் வீடு, அவரவர் சமையலறை, அவரவர் சம்பளம்! டென்மார்க்கில் 1967-இல் போடில் க்ரோ என்ற பெண்மணி, ஒரு குழந்தைக்கு நூறு பெற்றோர் வேண்டும் என்று பத்திரிகையில் எழுதப்போய், அதைப் படித்தவர்கள் கூடிப் பேசி, 1972-இல் ஹில்லரோட் பக்கத்தில் 27 வீடுகளோடு செட்டெடாமன் குடியிருப்பு உருவானது. இந்த மாதிரி இடங்களில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பொதுவீடு இருக்கும், சமையல் முறைவைத்து. உங்கள் முறை வரும் நாளில் ஐம்பது பேருக்கு வெங்காயம் நறுக்கியாக வேண்டும், மற்ற நாள் ஆபீஸிலிருந்து வந்ததும் நேரே தட்டை எடுத்துக்கொண்டு உட்காரலாம். ஆனால் கூட்டம் போட்டுப் பேசுவது ஓயவே ஓயாது. விசாரிக்கப் போனால், வீட்டைப் பார்க்கும் முன் அந்தக் கூட்டத்தில் ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள்.