அத்தனை வலிமையான டைனோசர்கள் எப்படித் தலையெடுத்தன, ஏன் அழிந்தன?

'அத்தனை வலிமையான' என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. வலிமையால் உயர்ந்தன என்று வைத்துக்கொண்டால், அழிந்ததற்கு ஒரு பலவீனத்தைத் தேடியாக வேண்டும். சிறு வயதில் நானும் தேடினேன்: மூளை சிறியது, உடம்பு பெரியது, மாறத் தெரியாத மந்த விலங்குகள் என்றெல்லாம் நம்பியிருந்தேன். பிறகு படிக்கப் படிக்கத்தான் புரிந்தது, அவற்றை வீழ்த்தியது மட்டுமல்ல, உயர்த்தியதும் ஒரு பேரழிவுதான்.

சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் தலைகாட்டியபோது அவற்றை யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். அர்ஜென்டினாவின் இஸ்சிகுவலாஸ்டோ பாறைகளில் கிடைத்த இயோராப்டர் மூக்கிலிருந்து வால் நுனி வரை ஒரு மீட்டர் சொச்சம், அவ்வளவுதான். அதே பாறைகளில் சாரோசூக்கஸ் என்ற வேட்டை விலங்கின் எலும்புகளும் கிடைக்கின்றன. அதன் நீளம் ஆறு மீட்டர் அளவு. அது டைனோசர் அல்ல, முதலைகளின் பங்காளி. அந்தக் காலத்தில் நிலத்தை ஆண்டது முதலை வழி வந்த அந்தக் கூட்டம்தான்.

'கால்கள் உடலுக்குக் கீழே நேராக நின்றதால் டைனோசர்கள் வென்றன' என்று அடிக்கடி எழுதுகிறார்கள். முதலைப் பங்காளிகளில் பலவற்றுக்கும் கால்கள் நேராகத்தான் இருந்தன. அமைப்புதான் வேறு. அவற்றுக்கு இடுப்பெலும்பு கூரைபோல வளைந்து தொடையெலும்பின் உச்சியில் கவிந்திருந்தது. டைனோசருக்கோ இடுப்புக்குழியில் அடிப்பக்கமே இல்லை. அது மறுபக்கம் தெரியும் ஓட்டை. தொடையெலும்பின் தலை பக்கவாட்டில் திரும்பி அந்த ஓட்டைக்குள் பொருந்தும். ஓர் எலும்பைக் கையில் கொடுத்தால் 'இது டைனோசர்' என்று சொல்ல வைக்கும் அடையாளங்களில் இதுவும் ஒன்று. ஆனால் வெற்றிக்கு இது ஒன்றே காரணம் என்று என்னால் ஏற்க முடியவில்லை, ஏனென்றால் இந்த இடுப்போடு அவை மூன்று கோடி ஆண்டுகள் இரண்டாம் இடத்திலேயே இருந்தன.

20.1 கோடி ஆண்டுகளுக்கு முன், ஒன்றாக இருந்த பெருங்கண்டம் பிளக்கத் தொடங்கியது. இன்று அட்லாண்டிக் கடல் இருக்கும் பக்கத்தில் எரிமலைக் குழம்பு வெள்ளமாகப் பெருகியது, காற்றில் கரியமில வாயு ஏறியது. முதலைக் கூட்டத்தில் பெரும்பாலானவை அதில் மாண்டன. டைனோசர்கள் ஏன் பிழைத்தன? எரிமலைப் புகை வெயிலை மறைத்தபோது இடையிடையே வந்த குளிரைத் தாங்க, உடலை மூடிய இறகு போன்ற போர்வை உதவியது என்கிறார்கள் சிலர். அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு என்பேன்.

காலியான இடத்தில் பெருகி, 13 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆண்டன. அது எவ்வளவு நீண்ட காலம் என்பதற்கு ஒரு கணக்கு: ஸ்டெகோசாரஸுக்கும் டைரனோசாரஸுக்கும் இடையே ஏறக்குறைய 8 கோடி ஆண்டுகள், டைரனோசாரஸுக்கும் நமக்கும் இடையே 6.6 கோடிதான். படப் புத்தகங்களில் இரண்டும் சண்டை போடுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

அழிவுக்கான தடயம் இத்தாலியின் குப்பியோ நகருக்கு அருகில் கிடைத்தது. அங்கே சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டர் கனத்தில் ஒரு களிமண் படிவம் ஓடுகிறது. அதற்குக் கீழே உள்ள பாறையில் கடல் நுண்ணுயிர்களின் ஓடுகள் ஏராளம். மேலே கிட்டத்தட்ட வெறுமை. அந்தக் களிமண் படிய எத்தனை காலம் ஆனது என்று அறிய விரும்பினார் புவியியலாளர் வால்டர் ஆல்வரெஸ். பூமியின் மேற்பரப்பில் அரிதாகவும் விண்கற்களில் தாராளமாகவும் இருக்கும் உலோகம் இரிடியம்; விண்வெளித் தூசியோடு சீராக விழும் அதை அளந்தால் காலம் தெரிந்துவிடும் என்று யோசனை சொன்னவர் அவருடைய தந்தை, இயற்பியலில் நோபல் பெற்ற லூயிஸ் ஆல்வரெஸ். ஃபிராங்க் அசாரோவும் ஹெலன் மைக்கேலும் அளந்தார்கள். சுற்றுப் பாறையில் இருப்பதைப்போல் ஏறக்குறைய 30 மடங்கு! கடிகாரம் தேடப் போனவர்கள் கையில் விண்கல் சிக்கியது. 1980இல் நால்வரும் அதை வெளியிட்டார்கள்.

விழுந்த பள்ளம் மெக்சிகோவின் யுகட்டான் கரையோரம், சிக்சுலூப்பில் புதைந்து கிடந்தது. எண்ணெய் தேடிய புவி இயற்பியலாளர்கள் 1970களிலேயே அதைக் கவனித்திருந்தாலும், அழிவோடு அது உறுதியாக இணைக்கப்பட்டது 1990களின் தொடக்கத்தில்தான். பள்ளத்தின் அகலம் சுமார் 180 கிலோமீட்டர். விழுந்த கல் பத்து கிலோமீட்டர் அளவு. விழுந்த இடமும் மோசம்: கந்தகம் நிறைந்த பாறை. அது ஆவியாகி மேலே போய், புகைக்கரியோடும் தூசியோடும் சேர்ந்து வெயிலை மறைத்தது. செடி வாடினால் தாவர உண்ணி பட்டினி, அது செத்தால் வேட்டை விலங்கு பட்டினி. உடம்பு பெரிதாக இருந்தவை முதலில் மாட்டிக்கொண்டன. ஏறக்குறைய அதே காலத்தில் தக்காணத்து எரிமலைகளும் குமுறிக்கொண்டிருந்தன. அவற்றின் பங்கு எவ்வளவு என்று இன்றும் வாதம் நடக்கிறது. என் மதிப்பீட்டில் முதல் குற்றவாளி விண்கல்தான்.

ஆனால் 'அழிந்தன' என்பதும் முழு உண்மை அல்ல. டைனோசர்களில் பறவைக் கிளை மட்டும் தப்பியது. அதிலும் எல்லாம் இல்லை; பல் இருந்த பறவைகள் போய்விட்டன. அலகால் விதை பொறுக்கத் தெரிந்தவை தாக்குப்பிடித்தன என்பது ஒரு விளக்கம். எங்காவது ஒரு காக்கையின் எலும்புக்கூட்டைப் பார்க்க வாய்த்தால், தொடையெலும்பு இடுப்போடு சேரும் இடத்தைக் கவனியுங்கள். அங்கே இருப்பதும் அதே ஓட்டைதான்.