வடிவமைப்புப் பள்ளியின் ஓராண்டுச் சாதனை மலரை நம்பி மகளைச் சேர்க்கலாமா?

மகளுக்கு ஒரு பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது, அவர்கள் தந்த சாதனை மலரில் ஒரே ஆண்டில் 14 விருதுகளும் 9 காப்புரிமைகளும் இருக்கின்றன, நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மலரை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு நாளாக வீட்டில் பேச்சு நடந்திருக்கும். கட்டணத்தை நினைத்து உங்களுக்குத் தூக்கம் வந்திருக்காது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. பிறகு அப்படிப்பட்ட மலர் ஒன்றில் என் படமே வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஆலங்குளம் பக்கம். அம்மா பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தார். காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் சுளகை வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் ஆயிரம் பீடிக் கணக்கு முடியும்வரை சுற்றுவார். எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார். முதுகலை இரண்டாம் ஆண்டில் திட்டப்பணிக்குத் தலைப்புக் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. பீடி சுற்றும் பெண்களுக்கு முதுகுச் சாய்வு வைத்த ஒரு மணை என்று எழுதிக் கொடுத்தேன்.

கணினியில் வரைந்த மூன்று மாதிரிகளும் தோற்றுப்போயின. சாய்வு இருந்தது, ஆனால் கைகளும் கண்ணும் மடியில் வேலை செய்யும்போது யாரும் அதில் சாய்வதே இல்லை. நான்காவது மாதிரிக்கு மரம் அறுக்கப் போன மாலையில் பட்டறை மாஸ்டர் என்னைத் தரையில் உட்காரச் சொன்னார். ஒரு தட்டை மடியில் வைத்து, “அம்மா எப்படிச் சுற்றுவாங்களோ அப்படியே செய்து காட்டுங்க தம்பி” என்றார். கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இழைப்புளியை எடுத்து, மணையின் முன்பக்கத்தை இரண்டு விரற்கடை தாழும்படி இழைத்தார். “காலை நீட்டினால் இடுப்பு பின்னால் போய் முதுகு வளையுது. உட்காரும் பலகையே முன்னால் சரிந்தால் இடுப்பு நிமிரும். சாய்வு அப்புறம்தான்.” உட்கார்ந்து பார்த்தேன். முதுகு தானாக நிமிர்ந்தது. என் பாடநூல்களில் அந்த விஷயம் இருந்தது, நானும் படித்திருந்தேன், ஆனால் என் கைக்கு அது வரவில்லை.

அந்த மணைக்கு மாணவர் போட்டி ஒன்றில் பரிசு கிடைத்தது. ஆண்டு முடிவில் வந்த சாதனை மலரில் என் பெயர், வழிகாட்டியின் பெயர், துறைத் தலைவரின் பெயர் மூன்றும் இருந்தன. மாஸ்டரின் பெயர் இல்லை. அலுவலகத்தில் போய்க் கேட்டேன். ஒப்பந்த ஊழியர்களின் பெயரைப் போடும் வழக்கம் இல்லை என்றார்கள். மறு ஆண்டு அவருடைய ஒப்பந்தமும் நீட்டிக்கப்படவில்லை. அந்த ஆண்டின் மலரில் புதிதாக வாங்கிய முப்பரிமாண அச்சு இயந்திரத்துக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருந்தார்கள்.

படித்த இடத்தை இப்படிப் பேசலாமா என்று சிலர் வருவார்கள். பள்ளியின் பெயரை நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அங்கே எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் மேல் மதிப்பு உண்டு. விருதே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்தப் பரிசுப் பணத்தில்தான் கடைசிப் பருவத்துக் கட்டணத்தைக் கட்டினேன்.

‘ஓராண்டுச் சாதனை’ என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. 2010 ஜூலை 15 அன்று ரூபாய்க்கான குறியீட்டுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூவாயிரத்துக்கும் மேல் வந்த வடிவங்களில் தேர்வானது வடிவமைப்பாளர் உதயகுமாருடையது. பரிசு 2.5 லட்சம் ரூபாய். அதை யாருடைய 2010 சாதனை என்று எழுதுவது? அவர் கட்டடக் கலை படித்தது அண்ணா பல்கலைக்கழகத்தில். முதுகலையும் முனைவர் ஆய்வும் ஐ.ஐ.டி. மும்பையின் வடிவமைப்புப் பள்ளியான ஐ.டி.சி.யில், அது 1969 முதல் நடக்கிறது. முடிவு வந்த நாட்களில்தான் ஐ.ஐ.டி. குவாஹாத்தியின் வடிவமைப்புத் துறையில் ஆசிரியராகச் சேர்ந்தார். மூன்று இடங்களும் பெருமைப்படலாம், தவறே இல்லை. ஆனால் தேவநாகரி ‘ர’வையும் ரோமன் ‘R’ எழுத்தையும் ஒரே கோட்டுக்குள் கொண்டுவந்த அந்தக் கைக்குப் பின்னால், தமிழ் எழுத்துகளின் உடலமைப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உழைப்பு இருந்தது. அந்த ஆண்டுகளில் வந்த எந்த மலரிலும் ‘இவர் ஒரு எழுத்தின் வளைவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்’ என்று யாரும் சாதனையாக எழுதியிருக்க மாட்டார்கள்.

தமிழ் எழுத்து என்றதும் இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இத்தனை வடிவமைப்புப் பள்ளிகள் இருக்கும் நாட்டில், பஸ்ஸின் மின்பலகையில் ஒற்றைக்கொம்பு எழுத்தைவிட்டுப் பிரிந்து ஒரு புள்ளி வட்டத்தோடு தனியே நிற்கிறது. மருத்துவமனை வாசலில் எழுத்தை ரப்பர் போல இழுத்து அகலமாக்கி, எது எந்த எழுத்து என்று குழம்பும்படி எழுதி வைக்கிறார்கள். என் அம்மா வயதில் இருப்பவர்கள் அதை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இதைச் சரிசெய்யும் மாணவருக்கு எந்த நாட்டில் என்ன விருது தருவார்கள் என்று தெரியவில்லை. தந்தால் அந்தப் பள்ளியின் மலரை நான் முதல் ஆளாக வாங்குவேன்.

உங்கள் கையில் இருக்கும் மலருக்கு வருகிறேன். 9 காப்புரிமைகள் என்றால், விண்ணப்பித்தவையா, காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியானவையா, வழங்கப்பட்டவையா என்று கேளுங்கள். பொதுவாக விண்ணப்பித்து 18 மாதங்கள் ஆனால் அது தானாகவே இதழில் வெளியாகும். பரிசோதனை முடிந்து வழங்கப்படுவது வேறு விஷயம். சில இடங்களில் வடிவமைப்புப் பதிவையும் காப்புரிமை என்று சேர்த்து எண்ணுகிறார்கள். 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி அது பொருளின் தோற்றத்துக்கு மட்டும் தரப்படும் பாதுகாப்பு. முதலில் 10 ஆண்டுகள், பிறகு 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம். விருதுகளிலும் சிலவற்றுக்கு நுழையக் கட்டணம் உண்டு, வென்ற பிறகு இன்னொரு கட்டணமும் உண்டு. அதைக் கட்டியது பள்ளியா, மாணவரின் பெற்றோரா என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பரிசு வாங்கிய மணை பள்ளியின் கண்ணாடி அலமாரிக்குப் போனது. அம்மா தொலைபேசியில் கேட்டது ஒன்றுதான்: “எத்தனை செய்தீங்க?” ஒன்று என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. இதை மாஸ்டரிடம் சொன்னபோது அவரும் எதுவும் சொல்லவில்லை. வேலை முடிந்த மாலைகளில், மிச்சம் கிடந்த பூவரசம் பலகைகளை ஒட்டி இன்னொன்று செய்தார். ரயிலில் மடியில் வைத்துத்தான் அதை ஊருக்குக் கொண்டுபோனேன். அம்மா பீடி சுற்றுவதை விட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மணை இன்னும் வீட்டில் இருக்கிறது; இப்போது அதில் உட்கார்ந்து கீரை ஆய்கிறார்.

நீங்கள் மகளோடு வளாகத்துக்குப் போகும் நாளில், முதல்வர் அறையில் பேசி முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள். பட்டறை எங்கே என்று கேட்டு நடந்து போங்கள். மாலை ஏழு மணிக்கு மேல் அது திறந்திருக்குமா, உள்ளே இருக்கும் மாஸ்டர் எத்தனை ஆண்டுகளாக அங்கே வேலை செய்கிறார், அவருக்கு வேலை நிரந்தரமா என்று கேளுங்கள். உங்கள் மகளையும் அவரோடு கொஞ்ச நேரம் பேசவிடுங்கள்.